மானுக்கு எந்தத் தோட்டா?

12 அக்டோபர் 2024

சான் அன்டோனியோவிலிருந்து அக்கா மகன் எழுதியிருக்கிறான். அப்படியே தருகிறேன்.

"மாமா, நவம்பர் கடைசியில் அலுவலக நண்பர் ஒருவரின் பண்ணைக்கு மான் வேட்டைக்குப் போகிறேன். கெர்வில் பக்கம். துப்பாக்கி அவர் தருகிறார், .308 வின்செஸ்டர். தோட்டா என் பொறுப்பு. கடையில் ஒரு சுவர் முழுக்கப் பெட்டிகள். .308 பழைய கதை, .300 மேக்னம் வாங்கு என்கிறார் கடைக்காரர். இன்னொரு நண்பர் .243 போதும் என்கிறார். பெரிய தோட்டா என்றால் மான் உடனே விழும், சரிதானே? அம்மாவிடம் சொல்ல வேண்டாம்."

சரியில்லை.

முதலில், இந்த எண்களெல்லாம் தோட்டாவின் அளவுப் பெயர்கள். கையில் .308 இருக்கும்போது .300 வாங்கச் சொல்கிறவர், செருப்பு அளவு இல்லை என்றால் காலை மாற்றச் சொல்வார். குழலுக்குப் பெயர் பொறித்த தோட்டாதான் குழலுக்குள் போக வேண்டும். வேறு எதையும் முயன்று பார்க்காதே.

இரண்டாவது, மானை வீழ்த்துவது தோட்டாவின் பருமன் இல்லை. குண்டு எங்கே நுழைகிறது, நுழைந்த பிறகு என்ன ஆகிறது, இந்த இரண்டும்தான். .243-இல் 100 கிரெயின் குண்டு குழலை விட்டு வரும்போது ஏறக்குறைய 1,950 அடி-பவுண்டு ஆற்றல். .308-இல் 150 கிரெயின் என்றால் 2,650. .300 மேக்னத்தில் 180 கிரெயின் 3,500. மானுக்கு, அது நிற்கும் இடத்தில், 1,000 இருந்தால் போதும் என்பது அங்கே பழைய வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. மூன்றுமே நூறு கஜத்தில் அதைத் தாண்டிவிடும். மிச்ச ஆற்றல் மானைத் துளைத்துக்கொண்டு மறுபக்கத்து மண்ணில் போய்ப் புதையும். உதை மட்டும் உன் தோளுக்கு. உதைக்குப் பயந்தவன் விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை மூடிவிடுவான். குறி சுடும் ரேஞ்சில் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

பெட்டியில் 150 என்று இருப்பது குண்டின் எடை. கிரெயின் கணக்கு. ஏறக்குறைய பதினைந்து கிராம்.

சாதாரண ஈயக் குண்டு, மூக்கு மட்டும் திறந்து மற்ற இடமெல்லாம் செம்பு உறை போட்டது, 150 கிரெயின், நல்ல கம்பெனி எதுவானாலும் சரி. ஒரு பெட்டி வாங்கு. முழுக்க உறை போட்டது வேண்டவே வேண்டாம். வேலை முடிந்தது.

13 அக்டோபர்

வேலை முடியவில்லை. பாண்டி பஜாரில் நகைக் கடை வைத்திருக்கும் நண்பர் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டுச் சிரித்தார். ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். ஆகவே 150 கிரெயின் என்பது 9.7 கிராம்தான். பத்தால் வகுத்துத் தொலைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் 40 கிரெயின் தோட்டாவில் சுட்டவன், அது 2.6 கிராம் என்று தூக்கத்திலும் சொல்வேன். பெரிய எண் வந்ததும் புத்தி தடுமாறிவிட்டது.

சென்னைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஒரு சவரனுக்கு மேல் ஒன்றே முக்கால் கிராம். ஒரு குண்டு ஒரு சவரனை விடக் கனம். நண்பர் இன்றைய விலையையும் சேர்த்துச் சொன்னார். அதை எழுதவில்லை.

19 அக்டோபர்

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அவன் எச்-1பி விசாவில் இருக்கிறான். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். ஆக வரிசை இப்படி: முதலில் டெக்சாஸ் வேட்டை உரிமம், பிறகு தோட்டாப் பெட்டி. நான் எழுதியதை நம்பி ஒரு பெட்டியை வாங்கிக் காரில் போட்டிருந்தால் மாமாவின் பெயர் நாறியிருக்கும். இன்னொன்று, 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் அங்கே வேட்டைக்காரர் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். இவன் 1988.

"வாங்கிவிட்டாயா?" என்று கேட்டேன். சோம்பேறித்தனத்தால் வாங்கவில்லையாம். சில நேரம் சோம்பலும் தெய்வம்.

இங்கே படிக்கும் மற்றவர்களுக்கு: நம் ஊரில் மான் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு போயிற்று. இதைப் படித்துவிட்டு யாரும் காட்டுப் பக்கம் போக வேண்டாம்.

20 அக்டோபர்

எந்த மான் என்று கேட்கவே இல்லையே என்று நேற்று இரவு தோன்றியது. டெக்சாஸ் என்றால் வெள்ளைவால் மான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பதில் வந்திருக்கிறது: "ஆக்சிஸ் மான், மாமா. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அழகாக இருக்கும்."

எனக்குத் தெரியாதா அதன் அழகு? அது நம்முடைய புள்ளிமான். 1932-இல் டெக்சாஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெருகி, வேலி தாண்டி, காட்டு விலங்காகவே ஆகிவிட்டது. வந்தேறி என்பதால் வேட்டைப் பருவமும் இல்லை, எத்தனை சுடலாம் என்ற வரம்பும் இல்லை. நம் வெளிமானுக்கும் அங்கே அதே கதிதான்.

காந்தி நகரிலிருந்து காலை நடைக்குப் போகும்போது ஐஐடி வளாகத்தில் தினமும் பார்க்கிற உயிர். இன்று காலை ஒரு பெண்மான் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று, யாரோ போட்ட வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தது. பத்தடி தூரத்தில் நின்றேன். காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. முன்னங்காலின் பின்கோடு மார்பைத் தொடும் இடத்தையே என் கண் தேடியது. அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு மேலே. நுரையீரல். இருபது வருடம் காகிதத்தை மட்டுமே சுட்ட எனக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். அதைப் பிறகு எழுதுகிறேன்.

தோட்டா விஷயத்தில் மாற்றம் எதுவும் இல்லை. கடமான் மாதிரிப் பெரிய உடம்பு இல்லை. .308 தாராளம். .243-உம் போதும் என்ற நண்பர் சொன்னதில் தவறே இல்லை.

21 அக்டோபர்

"முழு உறை ஏன் கூடாது, அதுதானே நன்றாகத் துளைக்கும்?" என்று ஒருவர் கேட்கிறார். துளைக்கும். ஊசி போல நுழைந்து ஊசி போல வெளியே வரும். மான் ஒரு மைல் ஓடி, எங்கேயோ புதரில் படுத்து, மெதுவாகச் சாகும். மூக்கு திறந்த குண்டு உள்ளே போனதும் காளான் போல மலர்கிறது. காயம் அகலம், சாவு விரைவு.

வேடிக்கை என்னவென்றால், இந்த மலரும் குண்டுக்கு உலகம் வைத்த பெயரே நம் ஊர்ப் பெயர். கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதச் சாலையில் 1890-களில் செய்தது. மனிதர்மேல் சுடக்கூடாது என்று 1899-இல் ஹேக் மாநாடு அறிவித்தது. இங்கிலாந்தின் மான் சட்டமோ, மானை ரைஃபிளால் சுடுவதென்றால் மலரும் குண்டுதான் வேண்டும் என்கிறது. போர்க்களத்தில் தடை, காட்டில் கட்டாயம். இரண்டுக்கும் காரணம் இரக்கம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

27 அக்டோபர்

அப்பாவின் கதை.

1969. போளூரில் இருந்தோம். அப்பாவிடம் ஒரு .315 ரைஃபிளும் இரட்டைக் குழல் 12 போர் சிதறு குண்டுத் துப்பாக்கியும் இருந்தன. .315 என்பது இச்சாப்பூர் தொழிற்சாலையின் சரக்கு. வெள்ளைக்காரன் ராணுவத்தின் .303 பொதுமக்கள் கையில் இருக்கக்கூடாது என்று தடுத்ததால் இங்கே வேரூன்றிய அளவு. அன்று அந்த ரைஃபிளை வீட்டில் விட்டுவிட்டு 12 போரை எடுத்துக்கொண்டு ஜவ்வாது மலை அடிவாரத்துக்குப் போனார். அனுமதிச் சீட்டு இருந்தது. எனக்குப் பத்து வயது. தோட்டாப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

பொழுது சாய்கிற நேரம். நாற்பது தப்படியில் ஒரு புள்ளிமான், பக்கவாட்டில் நின்றது. அப்பா என் காதோரம் குனிந்து, முன்னங்காலுக்குப் பின்னால் எங்கே பார்க்க வேண்டும் என்று விரலால் என் விலாவிலேயே தொட்டுக் காட்டினார். பிறகு சுட்டார். மான் துள்ளியது, வயிற்றை உள்ளிழுத்தது போலக் குனிந்து ஓடியது. அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணி வரை தேடினோம். இலைகளில் சொட்டுச் சொட்டாக ரத்தம், பிறகு அதுவும் இல்லை. மறுநாள் காலை ஓடை மணலில் கிடந்தது. நரி முந்திக்கொண்டிருந்தது.

எல்.ஜி. தோட்டா. உள்ளே ஆறே ஆறு பெரிய குண்டுகள். நாற்பது தப்படியில் அவை பரவிவிடுகின்றன, ஒன்றிரண்டு எங்கேயோ படுகின்றன. அதனால்தான் மருமகனுக்குச் சொல்கிறேன்: தோட்டாத் தேர்வு தவறினால் இதுதான் நடக்கும். அப்பா அன்று ரைஃபிளை எடுத்துப் போயிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் மானைச் சுடவில்லை. சட்டம் வந்தது மூன்று வருடம் கழித்துத்தான்.

2 நவம்பர்

தீபாவளிக்கு நங்கநல்லூர் போனேன். அக்காவிடம் சொல்லக்கூடாத விஷயம் அக்காவுக்கு முன்பே தெரிந்திருந்தது. மருமகள் சொல்லிவிட்டாள். திட்டு எனக்கு. அது கிடக்கட்டும்.

போளூர்க் கதையை நான் எழுதியதைச் சொன்னேன். அக்கா கையிலிருந்த அதிரசத்தைத் தட்டில் வைத்தாள்.

"எல்.ஜி. என்று யார் சொன்னது?"

"எனக்குத் தெரியும், நான்தானே கூடவே இருந்தேன்."

"நீ கூட இருந்தாய். துப்பாக்கியைத் துடைத்தது நான். வலது குழல்தான் கரியாக இருந்தது. இடது குழலில் எல்.ஜி. அப்படியே இருந்தது, நானே உருவி எடுத்தேன்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. இரட்டைக் குழலில் இரண்டு விசைகள். முன்விசை வலது குழலைச் சுடும், பின்விசை இடதை. அப்பா எப்போதும் வலதில் கவுதாரிக்கு உரிய பொடிக் குண்டுத் தோட்டாவும், இடதில் எல்.ஜி.யும் போட்டுக்கொண்டுதான் நடப்பார். மானைக் கண்டதும் விரல் பின்விசைக்குப் போயிருக்க வேண்டும். பழக்கம், முன்விசையில் நின்றுவிட்டது. மான்மேல் பாய்ந்தது கவுதாரிக் குண்டு.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அன்று ராத்திரியே தெரியும். அவர் ஏன் சாப்பிடவில்லை என்று நினைத்தாய்?"

ஐம்பத்தைந்து வருடமாக எல்.ஜி. தோட்டாவைப் பழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ரைஃபிள் எடுத்துப் போயிருக்க வேண்டும் என்று எழுதியதும் சும்மா. சரியான தோட்டா அப்பாவின் கையிலேயே இருந்தது, அரை அங்குலம் பின்னால். 27-ஆம் தேதிக் குறிப்பை அழிக்கவில்லை. தவறு தெரிந்தபடியே இருக்கட்டும்.

(அந்த 12 போர் இப்போது வீட்டில் இல்லை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பது இரண்டாகக் குறைந்தது. மூன்றில் எதைக் கொடுப்பது என்று யோசித்தபோது, ஏனென்று தெரியாமலே அதைத்தான் கொடுத்தேன்.)

3 நவம்பர்

மருமகனுக்கு ஒரே வரி அனுப்பினேன்: "பண்ணைக்குப் போகும்போது பையில் ஒரே வகைத் தோட்டா மட்டும் இருக்கட்டும். பயிற்சிக்கு மலிவான வேறு வகை வாங்கியிருந்தால் வீட்டில் வைத்துவிட்டுப் போ." "ஏன்?" என்று கேட்டான். "உன் அம்மாவைக் கேள்" என்றேன்.

9 நவம்பர்

இப்போது என் முதல் குறிப்பையே மாற்றப் போகிறேன். ஈயக் குண்டு வாங்கு என்று சொன்னேன். வேண்டாம்.

தீபாவளி அன்று அக்கா சொன்ன இன்னொரு செய்தி, மருமகளுக்கு இது ஆறாவது மாதம். வேட்டையில் கிடைத்த இறைச்சியை இவன் வீட்டுக்குத்தான் கொண்டுவருவான். ஈயக் குண்டு மலரும்போது பொடிப்பொடியாகவும் உதிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து தள்ளியும் போய்ச் சேர்கின்றன. எக்ஸ்ரேயில் விண்மீன் கூட்டம் போலத் தெரியும். 2008-இல் நார்த் டகோட்டாவில், வேட்டைக்காரர்கள் தானமாகக் கொடுத்த மான்கறியில் ஈயம் இருந்ததால் அதை ஒதுக்கிவிடும்படி உணவு வங்கிகளுக்குச் சொன்னார்கள். கருவில் இருக்கும் குழந்தைக்கு ஈயம் ஆகாது. இதில் வாதத்துக்கு இடமில்லை.

கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது. அதற்குக் காரணம் மனிதர்கள் இல்லை, காண்டோர் என்ற பெரிய கழுகு. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடலைத் தின்று ஈய நஞ்சேறிச் செத்தது. 1982-இல் உலகத்திலேயே 22 பறவைகள்தான் மிச்சம். டெக்சாஸில் அந்தத் தடை இல்லை, ஆனால் கடையில் செம்புத் தோட்டா கிடைக்கும். விலை கூடுதல். பிள்ளைக்குத் தொட்டில் வாங்குகிற செலவோடு சேர்த்து எழுதிக்கொள்ளட்டும்.

முழுச் செம்புக் குண்டு உதிராது. மூக்கில் குழி, அது நான்கு இதழாக விரியும், எடை அப்படியே நிற்கும். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். செம்பு ஈயத்தை விட லேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். அதனால் ஒரு படி குறைத்து 130 கிரெயின் போதும். வேகமும் கூடும். அடுத்து, செம்பு விரிய வேகம் வேண்டும். நொடிக்கு 2,000 அடிக்குக் கீழே போனால் பல குண்டுகள் சரியாக மலர்வதில்லை. .308-இல் நூற்றைம்பது கஜத்துக்குள் அந்தக் கவலை கிடையாது. அதற்கு அப்பால் புதிதாகச் சுடப் பழகியவன் சுடவே கூடாது.

10 நவம்பர்

"மாமா, பண்ணையில் மக்காச்சோளம் கொட்டும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும் தானே சுழன்று கொட்டும். மான்கள் நேரத்துக்கு வந்துவிடும். நாம் எண்பது, தொண்ணூறு கஜம் தள்ளி ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருப்போம்."

ரேஷன் கடை வரிசையில் சுடுவது. அப்பா இருந்திருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போயிருப்பார். ஆனால் யோசித்துப் பார்த்தால், தூரம் முன்கூட்டியே தெரிகிறது, மான் நிதானமாக நிற்கிறது, துப்பாக்கியைத் தாங்க ஜன்னல் விளிம்பு இருக்கிறது. ஜவ்வாது மலையில் அப்பாவுக்கு இந்த மூன்றும் இல்லை. வாயை மூடிக்கொள்கிறேன்.

16 நவம்பர்

எனக்கு உண்மையிலேயே தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன்: தோட்டாவைச் சோதிப்பது.

ஐம்பது மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதற்கு .22 தோட்டா வாங்கும்போது பெட்டியின் பெயரைப் பார்க்க மாட்டோம், ஓரத்தில் அச்சிட்ட தொகுதி எண்ணைப் பார்ப்போம். ஒரே கம்பெனி, ஒரே விலை, ஒரே நிறப் பெட்டி. ஒரு தொகுதி பொத்தானுக்குள் குவியும். அடுத்த தொகுதி எட்டிலும் ஒன்பதிலும் அலையும். என் குழலுக்குப் பிடித்தது அடுத்தவர் குழலுக்குப் பிடிக்காது. ஒரு கோடையில் மாநிலப் போட்டிக்குப் பெட்டியைக் காரின் பின்கண்ணாடியோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து தோட்டாவை எடுத்தால் குண்டின் மேல் பூசிய மெழுகு உருகி விரலில் பிசுபிசுத்தது. அன்றைய மதிப்பெண்ணை யாரும் கேட்க வேண்டாம்.

ஆகவே ஒரு பெட்டி போதும் என்று சொன்னதையும் திரும்பப் பெறுகிறேன். இரண்டு கம்பெனியின் செம்புத் தோட்டா, ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி. முதலில் குழலை நன்றாகச் சுத்தம் செய்யச் சொல், பழைய பூச்சின் மேல் புதிய குண்டு முதலில் தடுமாறும். நூறு கஜத்தில் மும்மூன்றாகச் சுடு, நடுவில் குழல் ஆறட்டும். எது நெருக்கமாகக் குவிகிறதோ அதே தொகுதி எண்ணில் இன்னொரு பெட்டி. பிறகு அந்தத் தோட்டாவுக்கு ஏற்பத் துப்பாக்கிமேல் குறி பார்க்கும் தொலைநோக்கியைத் திருத்திக்கொள். நண்பர் ஈயக் குண்டுக்குத் திருத்தி வைத்திருப்பார். அதை நம்பிச் செம்பைச் சுட்டால் குறி இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் போகலாம்.

17 நவம்பர்

படம் அனுப்பினான். முதல் பெட்டி உள்ளங்கை அகலம். இரண்டாவது பெட்டி, மூன்று ஓட்டையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். உங்கள் குழலுக்கு அது தலைகீழாக இருக்கலாம்.

1 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் நேற்று புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. இங்கே இரண்டு நாளாகக் கொட்டித் தீர்த்தது, தெருவில் முழங்கால் தண்ணீர், நேற்று மாலை முதல் மின்சாரம் இல்லை. .22-ஐ எடுத்து எண்ணெய்த் துணியால் துடைத்தேன். ஈரக்காற்றில் ஒரே இரவில் குழல்மேல் செம்பழுப்புப் புள்ளி வந்துவிடும். மருமகனிடமிருந்து சேதி இல்லை. வேட்டை 29-ஆம் தேதி என்றிருந்தான். கைப்பேசியிலும் சார்ஜ் இல்லை.

3 டிசம்பர்

மின்சாரம் வந்தது, சேதியும் வந்தது.

மாலை ஐந்தே காலுக்கு நான்கு மான்கள். முதலில் வந்த கொம்பன் இவனுக்கு நேர்முகமாக நின்றதாம், சுடவில்லை. பிறகு ஒரு பெண்மான் பக்கவாட்டில் திரும்பியது, அதன் பின்னால் இன்னொன்று நின்றது, சுடவில்லை. குண்டு துளைத்துக்கொண்டு போகும் என்று நான் எழுதியது நினைவு வந்ததாம். பின்னால் நின்றது விலகப் பதினொரு நிமிடம் ஆயிற்று. தொண்ணூறு கஜம். ஒரே தோட்டா. குண்டு கிடைக்கவில்லை, மறுபக்கம் வெளியேறிவிட்டது.

விலாப்பக்கத்துப் படம் ஒன்று அனுப்பியிருந்தான். பார்த்தேன். அப்பா தொட்டுக் காட்டிய இடம்.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவில்லை, கறி எவ்வளவு என்றும் கேட்கவில்லை.

"எவ்வளவு தூரம் ஓடியது?"

"முப்பது தப்படி."

"தேட வேண்டியிருந்ததா?"

"இல்லை. கண்ணெதிரிலேயே விழுந்தது."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

21 டிசம்பர்

பொங்கலுக்கு வருகிறானாம். சுட்ட தோட்டாவின் வெறும் கூட்டை மாமாவுக்கு நினைவாகக் கொண்டுவரவா என்று கேட்டிருக்கிறான்.

கொண்டுவராதே. வெறும் கூடும் வேண்டாம். ரேஞ்சுக்கும் பண்ணைக்கும் எடுத்துப்போன பையைப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதே. மறந்துபோன ஒற்றைத் தோட்டா பையின் தையலோரத்தில் கிடந்து, விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்து, ஆயுதச் சட்டத்தில் வழக்காகி, விடுப்பு முழுவதையும் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் கழித்தவர்கள் நம் ஊரில் உண்டு. அன்று போட்டிருந்த சட்டைப் பையையும் தடவிப் பார். வேறு பெட்டியில் துணி அடுக்கு, அதையும் கவிழ்த்து உதறிவிட்டு அடுக்கு. மாமாவுக்கு ஏதாவது கொண்டுவரத்தான் வேண்டும் என்றால், அந்த நாணய அளவு குவிந்த காகிதத்தைக் கொண்டுவா. மடிக்காமல்.